இரண்டு தோட்டத்துக்கும் குழாய் விற்ற சேக் பரீத்

கம்பத்தில், உத்தமபாளையம் போகிற சாலையில், சேக் பரீத்தின் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மோட்டார் ஸ்டார்ட்டர், வேலி பேட்டரி, டார்ச் லைட், திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் என்று வாசல்வரை சாமான் தொங்கும். அந்தத் தொங்கலுக்கு நடுவே ஒரு தலை தெரிந்தால் அதுதான் சேக் பரீத். தோட்டக்காரர் வந்து எதைக் கேட்டாலும் அவரிடம் உண்டு. இல்லையென்றால் நாளைக்கு உண்டு. ‘இல்லை’ என்ற ஒரு சரக்கு மட்டும் அந்தக் கடையில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அந்தக் குணத்தால்தான் சுருளிப்பட்டியில் ஒரு குழந்தையின் காதுகுத்து கிட்டத்தட்ட நின்றுபோனது. அந்தக் குணம் என்ன செய்தது என்பதைச் சேக் பரீத்துக்கு விளக்கிச் சொன்னவர் அவருடைய மனைவி ரெஹானா. ரெஹானாவுக்கு விளக்கியது ஒரு புத்தகம். அந்தப் புத்தகம் பேசியதோ போர் விமானங்களைப் பற்றி.

நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒருமுறை சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். யாருக்கு எந்தப் புத்தகம் வருகிறதோ அதைப் படித்துவிட்டு வந்து பேச வேண்டும். போன முறை ரெஹானாவுக்குக் கீரை வளர்ப்பு வந்தது. பேசிக் கைதட்டு வாங்கினார். இந்த முறை வந்தது, ராணுவமும் ஆயுதத் தொழிலும் எப்படிக் கூட்டுச் சேர்ந்து பிழைக்கின்றன என்று ஒரு தடிப் புத்தகம். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மதியம் சேக் பரீத் சாப்பிட வந்தார். ரெஹானா ஒரு கையில் கரண்டியும் மறு கையில் புத்தகமுமாக அயிரை மீன் குழம்பு ஊற்றினார்.

“என்னங்க, அமெரிக்காவுல ஒரு ஜனாதிபதி பதவிய விட்டு எறங்கும்போது ஒரு எச்சரிக்கை விட்டாராம். அவரே பழைய தளபதிதான்.”

“என்னன்னு விட்டாரு?”

“படையும் ஆயுதக் கம்பெனியும் ஒண்ணு சேந்துக்கிட்டா, நாட்டுக்கு எது வேணும்னு முடிவு பண்ற எடத்துல அவுக கை ஓங்கிரும், சாக்கிரதைன்னு.”

“எறங்கும்போது எதுக்குச் சொன்னாரு? நாற்காலியில இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க மட்டும்? ஸ்டார்ட்டர்ல என்ன கோளாறுன்னு வித்ததுக்கப்பறம்தான சொல்லுவீக.”

சேக் பரீத் சோற்றைப் பிசையத் தொடங்கினார். அமெரிக்கா வெகு தூரம். குழம்பு பக்கத்தில் இருந்தது.

“இதைக் கேளுங்க. ஒரு நாட்டுக்காரன் தன்னைக் காப்பாத்திக்கிறேன்னு ஆயுதம் வாங்குறான். பக்கத்து நாட்டுக்காரன் அதைப் பாத்துப் பயந்து அவனும் வாங்குறான். அதப் பாத்து இவன் இன்னும் பெருசா வாங்குறான். இதுல கூத்து என்னன்னா, ரெண்டு பேருக்கும் விக்கிறவன் ஒரே ஆளாக்கூட இருப்பானாம்.”

அயிரை மீனில் தொண்டையில் சிக்குகிற அளவுக்கு முள் கிடையாது. சேக் பரீத்துக்கு அன்று சிக்கியது. தண்ணீர் குடித்தார், வெறும் சோற்றை உருட்டி விழுங்கினார், இருமினார். கண்ணில் நீர் வந்தது. அந்த நீரின் வழியே அவருக்குத் தெரிந்தது அமெரிக்கா அல்ல, சுருளிப்பட்டி.

சுருளிப்பட்டியில் ஒச்சாண்டியின் பன்னீர் திராட்சைத் தோட்டமும் முத்துப்பாண்டியின் தோட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு வரப்பு. ஒச்சாண்டியின் தங்கை ராஜாத்தியைத்தான் முத்துப்பாண்டி கட்டியிருக்கிறான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே பாத்தியில் தண்ணீர் பாய்ச்சி, ஒரே தூக்குவாளியில் டீ குடித்தவர்கள்.

ஒச்சாண்டியின் தோட்டத்தில் கிளி விரட்டுகிற வேலை சங்கிலியம்மாளுக்கு. பரண் மேல் ஏறி அவர் ஒரு குரல் கொடுத்தால் கிளி பறக்கும், மைனா பறக்கும், சுருளி அருவிக்குப் போகிற வேன்கூட ஓரம்கட்டி நிற்கும். மகளுக்குப் பிரசவம் என்று அவர் ஆண்டிபட்டிக்குக் கிளம்பியபோது ஒச்சாண்டி பதறிப்போய்க் கடைக்கு வந்தான்.

“பாய், ஆத்தா இல்லாம தோட்டம் போச்சு. ஏதாச்சும் இருக்கா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சேக் பரீத்துக்கோ அந்த நொடியில் ஒரு யோசனை உதித்தது. சங்கிலியம்மாளைக் கடைக்குக் கூப்பிட்டு, போனை நீட்டி, “ஆத்தா, கிளியத் திட்டுறமாதிரி திட்டுங்க, பதிவு பண்ணிக்கிறேன்” என்றார்.

சங்கிலியம்மாள் போனை மேலும் கீழும் பார்த்தார். “எதிர்ல ஆளு இல்லாம எப்படிய்யா திட்டுறது? வாய் வர மாட்டேங்குது.”

வேறு வழியில்லை. சேக் பரீத் ஸ்டூல் மேல் ஏறிக் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கையையும் சிறகாக அடித்தார். கடைக்கு வந்தவர்கள் வாங்க வந்ததை மறந்து நின்றார்கள். சங்கிலியம்மாளுக்கு வாய் வந்தது.

“ஏலே பச்சைச் சட்டைக்காரா! நட்டது யாரு, தண்ணி பாய்ச்சுனது யாரு, நீ பாட்டுக்குப் புது மாப்பிள்ளை கணக்கா வந்து ஒக்காந்திருக்க! எந்திரி! எந்திரிக்கிறியா, மூக்கைத் திருகவா?”

சேக் பரீத் ஸ்டூலிலிருந்து நிஜமாகவே எழுந்துவிட்டார்.

அந்தத் திட்டை ஒரு மெமரி கார்டில் ஏற்றி, ஒரு பேட்டரிப் பெட்டியில் சொருகி, குழாய் ஸ்பீக்கரில் இணைத்துக் கொடுத்தார். கூடவே ஒரு ஆலோசனையும் கொடுத்தார். “ஏப்பா ஒச்சாண்டி, குழாய உள்ளார பாத்து வச்சா வந்த கிளியத்தான் விரட்டும். வெளிய பாத்து வையி. வர்ற கிளியே வராது.”

வெளியே என்றால் வரப்புப் பக்கம். வரப்புக்கு அங்கன முத்துப்பாண்டி.

ஒச்சாண்டி தோட்டத்துக் கிளிகள் அன்றைக்கே எழுந்தன. எழுந்து வரப்பைத் தாண்டி முத்துப்பாண்டி தோட்டத்தில் உட்கார்ந்தன. முத்துப்பாண்டி கடைக்கு வந்து நின்றான். “பாய், மச்சான் வச்சிருக்கிறதுல ஒண்ணு குடுங்க. கொஞ்சம் பெருசா இருக்கட்டும்.” சேக் பரீத் கொடுத்தார். வெளியே பார்த்து வைக்கச் சொன்னார். நல்ல ஆலோசனையை ஒருவருக்குச் சொல்லி இன்னொருவருக்கு மறைக்கிற ஆள் இல்லை அவர்.

இப்போது வரப்பின் இரண்டு பக்கமும் இரண்டு குழாய்கள் நேருக்கு நேர் வாயைத் திறந்து நின்றன. இரண்டுமே காவலுக்கு வைத்தவைதான். எதிர்ப் பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்குத்தான் அது காவலாகத் தெரியாது. தன்னைப் பார்த்துத் திறந்த வாயாகத் தெரியும். “கிளி மேல இருக்கு, குழாய் எதுக்கு என் தோட்டத்தப் பாத்து இருக்கு?” என்று முத்துப்பாண்டி கேட்டான். “அவன் எதுக்கு அதைவிடப் பெருசா வாங்குனான்?” என்று ஒச்சாண்டி கேட்டான். கேட்டது ஒருவரை ஒருவர் அல்ல. இருவரும் தனித்தனியாகச் சேக் பரீத்தைத்தான் கேட்டார்கள். சேக் பரீத்திடம் இருவருக்கும் பதில் இருந்தது. அது அலமாரியில் இருந்தது.

சங்கிலியம்மாள் ஆண்டிபட்டியிலிருந்து திரும்பி வந்து பஸ்ஸைவிட்டு இறங்கினார். “நான் இங்கன நிக்கிறேன், அங்கன ரெண்டு பக்கமும் கத்துறது யாருடி?” என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டார். விஷயம் தெரிந்ததும் கோபப்படுவார் என்று சேக் பரீத் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சங்கிலியம்மாள் கோபப்படவில்லை. பரண் ஏறுவதைவிட ஸ்டூல் எதிரே நின்று திட்டுவது முழங்காலுக்கு நல்லது என்று கண்டுகொண்டார். பனங்கற்கண்டு போட்ட பாலைக் குடித்துவிட்டு, ஒச்சாண்டிக்கு ஒரு திட்டும் முத்துப்பாண்டிக்கு ஒரு திட்டும் தனித்தனியாகப் பதிவு செய்து கொடுத்தார். ஒருவருக்குக் கொடுத்த வசவை மற்றவருக்குக் கொடுக்க மாட்டார். அதில் அவர் கறார்.

கிளிகளுக்குத் திட்டு பழகிப்போகும். பழகினதும் புதுத் திட்டு வேண்டும். ஸ்டூலில் சேக் பரீத் சிறகடிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் திராட்சைக் காவல் குழு என்று ஒன்று முளைத்தது. பொன்னுராஜ் அதன் செயலாளர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுவார். “இந்த வருசம் மலைக்கு அந்தப் பக்கமிருந்து இதுவரைக்கும் பாக்காத கூட்டமா கிளி வருதாம்” என்று கூட்டத்தில் அறிவித்தார். இது பொன்னுராஜுக்கு யார் சொன்னது என்றால் சேக் பரீத். சேக் பரீத்துக்கு யார் சொன்னது என்றால் பொன்னுராஜ். இருவருமே நம்பிக்கையான ஆட்கள் என்பதால் ஊர் நம்பியது.

செயலாளர் பதவியை விட்ட மறுநாள் பொன்னுராஜ் சேக் பரீத்தின் கடையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கேட்டால் ஆலோசகர். எந்தத் தோட்டத்துக்கு எந்தக் குழாய் தேவை என்று குழுவில் இருந்தபோது எழுதியவர் அவர். அதை விற்க யோசனை சொல்ல அவரைவிட யார் உண்டு?

முத்துப்பாண்டியிடம் குழாய்கள் பெருகின. ஒச்சாண்டி சின்னதைக் கழற்றிவிட்டு, ஆளுயரத்துக்கு ஒரு குழாய் வாங்கி, கல்தூண் மேல் ஏற்றி, அதற்குப் ‘பெரியவன்’ என்று பேரும் வைத்தான். பெரியவனைப் பார்த்த கையோடு முத்துப்பாண்டி மேலும் ஒன்று வாங்கினான். மாசி போய்ப் பங்குனி வருவதற்குள் சத்தத்தில் யார் குழாய் கத்துகிறது என்றே பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. ஊர்க்காரர்கள் கையால் பேசப் பழகினார்கள். கிளி குறைந்ததா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்த்தால் நன்றாக இருக்காது என்று எல்லோருக்கும் லேசாகத் தோன்றியிருக்க வேண்டும்.

இவ்வளவும் அந்த ஒரு இருமலுக்குள் வந்து போனது.

“தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க,” என்று ரெஹானா முதுகைத் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்தினார். புத்தகத்தைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். “என்னங்க... அந்த விக்கிற ஆளு...”

“நான் கம்பெனியா? நான் கடை, புள்ள. கடை!”

அந்தச் சாயங்காலம் ராஜாத்தி கடைக்கு வந்தாள். இடுப்பில் மகள் பூமாரி. மூன்று வயது, உருண்டை முகம், வெறுங்காது. அறுவடை, அறுவடை என்று தள்ளித் தள்ளிப் போன காதுகுத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தார்கள்.

“அண்ணே, எங்கண்ணன் வர மாட்டாராம்,” என்றாள் ராஜாத்தி.

காதுகுத்துக்குத் தாய்மாமன் வராமல் இருப்பது என்றால் என்னவென்று சேக் பரீத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்துவது. மடி இல்லையென்றால் குத்து இல்லை. ராஜாத்திக்குக் கூடப் பிறந்தது ஒச்சாண்டி ஒருவன்தான்.

“மாப்பிள்ள குழாயத் திருப்புனாத்தான் வருவேங்கிறாரு. இவரு, மச்சான் மொதல்ல திருப்பட்டுங்கிறாரு. வேற ஆளு மடியில வச்சாக்கா, எங்க வீட்டுல பொறந்தவன் உசுரோட இல்லன்னு ஊரே நெனைக்கும்ணே. நான் என்ன பண்ணுவேன்?”

“அதுக்கு நான் என்ன ஆத்தா...”

“குழாய வித்தது நீங்க. எறக்குறதும் நீங்கதான்.”

இடுப்பிலிருந்த பூமாரி சேக் பரீத்தை உற்றுப் பார்த்து, மழலையில், “எந்திரிக்கிறியா, மூக்கைத் திருகவா?” என்றாள். அப்பா தோட்டத்திலிருந்தும் மாமா தோட்டத்திலிருந்தும் அவள் காதில் பொழுதன்னைக்கும் விழுந்த ஒரே பாடம் அது. சேக் பரீத் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை வரப்பில் சமாதானப் பேச்சு. குழாய்களுக்கு நடுவே நின்று பேசியதால் மூன்று பேரும் அலறினார்கள். அன்பாகச் சொல்ல வேண்டியதையும் அலறித்தான் சொல்ல வேண்டியிருந்தது. “மச்சான், உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல!” என்று முத்துப்பாண்டி நரம்பு புடைக்கக் கத்தினான். “எனக்கும் இல்லடா!” என்று ஒச்சாண்டி அதைவிட உரக்கக் கத்தினான். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் வெட்டுக்குத்து ஆகப்போகிறது என்று ஓடி வந்தார்கள்.

கடைசியில் இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சத்தத்தைப் பாதியாகக் குறைப்பது.

“அவன் கொறச்சானான்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றான் ஒச்சாண்டி.

“அதே கேள்விதான் எனக்கும்,” என்றான் முத்துப்பாண்டி.

சேக் பரீத்தின் வாய் தானாகத் திறந்தது. திறக்காதே என்று அவர் உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார். “சத்தத்தை அளக்குறதுக்குன்னே ஒரு மீட்டர் இருக்கு,” என்றது வாய்.

ஆளுக்கு ஒரு மீட்டர் வாங்கினார்கள். இரண்டு மீட்டரும் இரண்டு விதமாகக் காட்டின. உன் மீட்டர் பொய், என் மீட்டர் மெய் என்று சண்டை புதிதாகத் தொடங்கியது. சத்தம் குறையவில்லை.

கேட்டுவிட்டு ரெஹானா சிரித்த சிரிப்பில் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “சமாதானம் பேசப் போன எடத்துல ரெண்டு மீட்டர் வித்துட்டு வந்திருக்கீக. நான் புத்தகம் படிக்கவே வேணாம், உங்களக் கூட்டிட்டுப் போயி மேடையில நிறுத்துனாப் போதும்.”

“சிரிக்காத புள்ள. அந்தப் பிள்ளைக்குக் காது குத்தணும். நான் வேணும்னேவா இதெல்லாம் பண்ணுனேன்? யாருக்குக் கெடுதல் நெனச்சேன்?”

ரெஹானா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அதையேதான் புத்தகமும் சொல்லுது. கெட்டவன்னு ஒருத்தன் நடுவுல உக்காந்துக்கிட்டு இதையெல்லாம் நடத்தணும்னு இல்லையாம். விக்கிறவனுக்கு விக்கணும், வேலை பாக்குறவனுக்கு வேலை வேணும், பயப்படுறவனுக்குப் பயமா இருக்கு. அவுகவுக பொழப்ப அவுகவுக பாத்தாலே போதும், அது பாட்டுக்குச் சுத்தும்.”

“சங்கிலியம்மாளும் இதுல உண்டா?”

“பனங்கற்கண்டு விக்கிறவன்கூட உண்டு.”

“சரி, சுத்துறத எப்படி நிறுத்துறதுன்னு போட்டிருக்கா?”

“அதுக்கு அவுகளே தெணறுறாக. ஆனா ஒண்ணு இருக்கு. பெரிய போர் முடிஞ்சதும் சில தொழிற்சாலைகள்ல அதே மிசினு, அதே ஆளுகள வச்சு வீட்டுச் சாமான் செஞ்சாகளாம். உங்க குழாய வேற எந்த வேலைக்குக் குடுக்கலாம்? யோசிங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? குழாய் ஸ்பீக்கர் முதலில் எந்த வீட்டுச் சாமான்? விசேஷ வீட்டுச் சாமான்! சேக் பரீத் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வண்டியை எடுத்தார்.

ஒச்சாண்டி தோட்டத்தில் கத்தரிக்கோலோடு நின்றான்.

“ஏப்பா, முத்துப்பாண்டி காதுகுத்துக்கு இருக்கிற குழாய் எல்லாத்தையும் கழட்டித் தெருவுல கட்டிப் பாட்டுப் போடப் போறானாமே?”

“போடட்டும். நான்தான் போகலையே.”

“அதான் அவனுக்கு வசதி. தாய்மாமன் சீரு சத்தமே கேக்கலன்னு யாரும் சொல்ல முடியாது பாரு. நாளைக்கு ஊருல பேசும்போது, ஒச்சாண்டி கிளிக்குன்னா ஆளுயரக் குழாய் வாங்குவான், தங்கச்சி மகளுக்குன்னா வாய மூடிக்கிருவான்னு சொல்லுவாக. சொன்னா சொல்லட்டும், நமக்கென்ன.”

ஒச்சாண்டியின் கத்தரிக்கோல் நின்றது. “யாரு சொன்னா அப்படி?”

“இன்னும் யாரும் சொல்லல.”

அங்கிருந்து நேராக முத்துப்பாண்டியிடம் போனார். பெரியவனையே டிராக்டரில் கட்டிச் சீர் கொண்டு வரப்போகிறானாம் ஒச்சாண்டி, உன் வாசலில் ஒரு குழாய்கூட இல்லையா என்று விசாரித்தார். சொன்னபோது இரண்டுமே பொய்தான். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டும் உண்மையாகிவிட்டன.

கடைக்குத் திரும்பினால் பொன்னுராஜ் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கிவிட்டது. “பாய், ஒரு நாள் பூராவும் ரெண்டு தோட்டமும் காவல் இல்லாம கெடந்தா என்ன ஆகும்? கிளிக்குத் தெரிஞ்சா?”

“கிளிக்கு நீங்க சொல்லாதீக,” என்றார் சேக் பரீத்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துப்பாண்டி தன் குழாய்களை எல்லாம் கழற்றி வீட்டுத் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டான். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒச்சாண்டியின் டிராக்டர், தட்டுத் தட்டாகச் சீர், பட்டுப்பாவாடை, வெல்லம், வாழைத்தார். சங்கிலியம்மாள் புதுச் சேலையில் மேற்பார்வை. ஒச்சாண்டி பெரியவனை இறக்க ஏணி போட்டு ஏறினான். சேக் பரீத் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“பாய், தோட்டம் என்ன இவ்வளவு அமைதியா இருக்கு?”

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. முத்துப்பாண்டியின் குழாய்கள் போய்விட்டன. பெரியவன் இன்னும் கல்தூண் மேல்தான் இருக்கிறான், பெட்டியில் சுவிட்சு போட்டபடியே இருக்கிறது. ஆனால் ஒரு சத்தமும் இல்லை.

“நீ அமத்திட்டியா?” என்றார் சேக் பரீத்.

“இல்லையே.”

ஒச்சாண்டி குழாயின் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். உள்ளேயிருந்து ஒரு மைனா அவன் முகத்தில் மோதுகிற மாதிரி வெளியே பாய்ந்தது. ஏணி ஆடியது. உள்ளே வைக்கோல், நார், பாம்புச் சட்டையில் ஒரு துண்டு, மினுங்குகிற பிஸ்கட் தாள். அதற்கு நடுவே மஞ்சள் வாயைப் பிளந்துகொண்டு குஞ்சுகள். அத்தனை நாளில் பெரியவனுக்குள்ளிருந்து வந்த முதல் சத்தம் அதுதான்: கீச்.

ஒயரை எடுத்துப் பார்த்தார்கள். அணில் கடித்து எப்போதோ துண்டாகியிருந்தது. முனைச் செம்பு கறுத்துக்கூடப் போய்விட்டது.

இன்னும் மச்சான் சீர் கிளம்பவில்லையா என்று வேவு பார்க்க வரப்புக்கு வந்த முத்துப்பாண்டி, எல்லோரும் ஒரு ஒயரைச் சுற்றி நிற்பதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தான். விஷயம் புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“மச்சான், அப்ப இத்தன நாளா கத்துனது யாரு?”

“நீதான்டா.”

“எனக்குப் பதில் கத்துனது?”

“யாரும் இல்லடா.”

“நான் உங்க பெரியவனுக்குப் பயந்துல்ல கடைசியா ஒண்ணு வாங்குனேன்!”

“நான் நீ வாங்குனதப் பாத்து அடுத்தது என்ன வாங்கலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்.”

இருவரும் ஒருசேரத் திரும்பிச் சேக் பரீத்தைப் பார்த்தார்கள். சேக் பரீத் ஏணியைக் கவனமாகப் பிடித்துக்கொண்டிருந்தார், அதன் மேல் யாரும் இல்லாவிட்டாலும்.

“கொத்துகளப் பாரு,” என்றார் சங்கிலியம்மாள். ஊமையாகக் கிடந்த ஒச்சாண்டியின் பந்தலிலும், இரவு பகலாகக் கத்திய முத்துப்பாண்டியின் பந்தலிலும் கொத்துகள் ஒரே மாதிரிதான் தொங்கின. கிளி தின்றது தின்றிருந்தது, விட்டது விட்டிருந்தது.

கூட வந்திருந்த பொன்னுராஜ் மட்டும் தாடையைத் தடவினார். “இதுல ஒரு விசயம் இருக்கு பாய். மைனா உள்ள இருந்தா கிளி வராதோ என்னமோ. மைனாவோட சேத்து ஒரு மாடலு...”

“நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி,” என்றார் சேக் பரீத்.

சிரிப்பெல்லாம் அடங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. குஞ்சுகளோடு குழாயை இறக்க முடியாது. இறக்கினாலும் அது பேசாது. தெருவில் மாப்பிள்ளையின் குழாய்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. தாய்மாமன் ஊமையாகப் போய் இறங்குவதா? சற்று முன்பு சிரித்த ஒச்சாண்டியின் முகம் மறுபடி இறுகியது. டிராக்டர் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

“சத்தம் இல்லாம நான் எப்படிப் போறது? நீங்க போங்க பாய். தட்ட மட்டும் குடுத்திருங்க.”

வீட்டில் பூமாரிக்குத் தலைக்கு ஊற்றி முடித்திருப்பார்கள். ஆசாரி வந்து உட்கார்ந்திருப்பார். ராஜாத்தி தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடையில் வேறு குழாய் இருக்கிறது, ஓடிப்போய் எடுத்து வரலாமா என்று ஒரு கணம் சேக் பரீத்தின் கை வண்டிச் சாவியைத் தொட்டது. தொட்ட கையை அவரே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார்.

“ஆத்தா,” என்றார் சங்கிலியம்மாளைப் பார்த்து. “பெட்டியில இருக்கிறது உங்க குரல்தான?”

சங்கிலியம்மாளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகினார். சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்த ஒச்சாண்டிக்கு எதிரே போய் நின்றார்.

“ஏலே! புது மாப்பிள்ளை கணக்கா ஒக்காந்திருக்க! எந்திரி! எந்திரிக்கிறியா, மூக்கைத் திருகவா?”

ஒச்சாண்டி எழுந்தான்.

சீர் புறப்பட்டது. முன்னால் சங்கிலியம்மாள், பின்னால் டிராக்டர். “வழிய விடுங்கடா! தாய்மாமன் வர்றாக! பட்டு வருது, பவுன் வருது, பலகாரம் வருது! ஏலே நாயே, நீயும் ஒதுங்கு!” மெமரி கார்டில் அடைபட்டுக் கிடந்த குரல் அல்ல இது, பரணிலிருந்து வேனை நிறுத்திய குரல். தெருமுனைக்கு வந்தபோது, வாசலில் பாடிக்கொண்டிருந்த குழாய்களை மீறி அது வீட்டுக்குள் கேட்டது. ராஜாத்தி ஓடிப்போய் ஆம்பிளிபயரின் ஒயரைப் பிடுங்கினாள். முத்துப்பாண்டியே ஓடிப்போய் மச்சானின் கையிலிருந்த தட்டை வாங்கினான்.

மடி வந்து உட்கார்ந்தது. மடியில் பூமாரி உட்கார்ந்தாள். ஒரு காது குத்தியாயிற்று. குழந்தையின் முகம் கோணியது, உதடு பிதுங்கியது, ஊரே ஓவென்ற அழுகைக்குத் தயாரானது. பூமாரி அழவில்லை. விரலை நீட்டி ஆசாரியைப் பார்த்துக் கேட்டாள்:

“ஏலே! நட்டது யாரு? தண்ணி பாய்ச்சுனது யாரு? எந்திரிக்கிறியா, மூக்கைத் திருகவா?”

ஆசாரி எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி இன்னொரு காதுக்கு உட்கார வைப்பதற்குள் பாயசம் ஒரு சுற்று வந்துவிட்டது. ஒச்சாண்டி சிரித்துச் சிரித்து மடி குலுங்க, “ஆடாதீக மாமா” என்று பூமாரியிடம் அதற்கும் ஒரு திட்டு வாங்கினான்.

ரெஹானா வாசகர் வட்டத்தில் பேசினார். விமானம், கப்பல், எச்சரித்த ஜனாதிபதி எல்லாம் சொன்னார். சுருளிப்பட்டி என்ற பேரை எடுக்கவில்லை. “இதைப் புரிஞ்சுக்க நிபுணரா இருக்க வேண்டியதில்லை, கடைவீதியில ஒரு சுத்துச் சுத்தி வந்தாப் போதும்” என்று மட்டும் சொன்னார். கடைசி வரிசையில் சேக் பரீத் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்கடுத்த நாள் கூடலூரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார்.

“பாய், கிளி விரட்டுற குழாய் இருக்காமே?”

பொன்னுராஜ் தன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். சேக் பரீத் வாயைத் திறந்தார். மூடினார். அந்தச் சொல் அந்தக் கடையில் இதுவரை வந்து இறங்காத சரக்கு. தேடி எடுக்க நேரம் பிடித்தது.

“இல்லை,” என்றார்.

கூடலூர்க்காரர் அவர் தலைக்கு மேலே பார்த்தார். “அந்தா தொங்குதே?”

“அது காதுகுத்துக்கு,” என்றார் சேக் பரீத். “உங்க வீட்டுல ஏதாச்சும் விசேசம் இருக்கா?”